வேட்டைக்கு ஏற்ற பைனாகுலர்

கேள்வி: குண்டலுபேட்டை வழியாகப் பந்திப்பூர் செல்கிறேன். பைனாகுலர் வாங்குவதா, முக்காலியில் பொருத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குவதா?

பதில்: மைசூர் மகாராஜாக்களின் வேட்டைக்காடாக விளங்கிய அவ்வனத்தில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1973இல் தொடங்கிய புலிகள் காப்புத் திட்டமும் வந்தபின், துப்பாக்கிக்கு இடமின்றிக் கண்களுக்கு மட்டுமே வேட்டையுரிமை உண்டு. குலுங்கும் ஜீப்பில் முக்காலியை ஊன்ற இயலாதாகையால், 60 மடங்கு பெருக்கும் ஸ்கோப், புலியைவிடத் தங்கள் கைநடுக்கத்தையே பெரிதாகக் காட்டும். ஆகவே 8×42 பைனாகுலரே உத்தமம். 42 மில்லிமீட்டர் வில்லையை 8ஆல் வகுக்கக் கிடைக்கும் 5.25 மில்லிமீட்டர் ஒளிவட்டம், அந்தி மங்கலில் விரியும் கண்மணிக்கும் போதுமான பிரகாசம் தரும். தாங்கள் கண்ணால் வென்ற மான், அடுத்து வருபவரின் கண்ணுக்கும் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும் என்பதே இவ்வேட்டையின் பேரானந்தம்.