வரமும் எர்ராட்டாவும்: பெங்களூரு மேசைகளில் அரக்கத் திருத்தம் குறித்த ஓர் ஆய்வு

1. களமும் கருதுகோளும்

கோரமங்களா, இந்திராநகர் வட்டாரத்து போர்டு கேம் கஃபேக்களில் வாரக்கடைசி தோறும் நிகழும் தர்க்கங்களைத் தமிழ்ப் புலமையுலகம் இன்னும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அங்கே ஆடப்படுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்; கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கதையை நடத்துபவர் டிஎம், மற்றவர்கள் வீரர்கள், எதிரே அரக்கர்கள். அரக்கரின் உயிர்க்கணக்கு, கவசம், பலவீனம் அனைத்தும் ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் அச்சாகியிருக்கும். அச்சானதைப் பதிப்பாளரே பிற்பாடு மாற்றினால் அது எர்ராட்டா. பகடை உருளும் நேரத்தைவிட, “மச்சா, அது பழைய ரூல்”, “யாரு சொன்னது குரு?” என்று ஓடும் நேரமே அதிகம்.

இக்கட்டுரையின் கருதுகோள்: அரக்கன் எப்படி வாழ்கிறான் என்பதில் யாருக்கும் அக்கறையில்லை, அவன் எப்படிச் சாகலாம் என்பதில்தான் திருத்தமும் சண்டையும்.

2. வகைப்பாடு

முதலாவது, அப்பட்டமான வழு. 2014 நூலின்படி பூனைக்கு இருட்டில் கண் தெரியாது. 2025-இல் வந்த புதிய நூலில் 60 அடி தூர இருட்டுப்பார்வை அதற்கு உண்டு. இடைப்பட்ட காலத்தில், விடியுமுன் வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக் கிழித்த பெங்களூருப் பூனைகள் எந்த நூலைப் பின்பற்றின என்பது மேலாய்வுக்குரியது.

இரண்டாவது, ஓட்டையடைப்பு. சில அரக்கர்களை மந்திரமற்ற ‘ஆயுதங்கள்’ தீண்டாது என்று 2014 நூல் சொன்னது. அப்படியானால் கரடியின் நகம் ஆயுதமா? மேசைகள் இரண்டுபட்டன. பிறகு வந்த எர்ராட்டா ‘ஆயுதங்கள்’ என்பதை எடுத்துவிட்டு ‘தாக்குதல்கள்’ என்று போட்டது. ஒரே சொல், கரடி வெளியே.

3. இரணியன் சான்று

இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. மனிதனால், மிருகத்தால், பகலில், இரவில், உள்ளே, வெளியே, எந்த ஆயுதத்தாலும் சாவு கூடாது என்று இரணியன் வாங்கிய வரம், விதிநூல் எழுதுவோர் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய வாசகம். நரசிங்கம் அதில் ஓரெழுத்தையும் மாற்றவில்லை. அந்திப்பொழுது, வாசற்படி, மடி, நகம். பிரம்மா மட்டும் மேற்படி எர்ராட்டாவை முன்கூட்டியே விட்டிருந்தால் நகமும் செல்லாது. (நரசிங்கத்தின் நகம் மந்திரத்தன்மை உடையதா என்பதில் மேசைக்கு மேசை கருத்து வேறுபடும்.)

4. ராட்சசன்: ஒரு பதிப்பு வரலாறு

நம்மூர்க்காரனான ராட்சசனே இந்நூலில் இருக்கிறான். 1977 ‘மான்ஸ்டர் மேனுவல்’ படத்தில் அவனுக்குப் புலித்தலை, வாயருகே புகைக்குழாய். குருமார் ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு பட்டால் அக்கணமே சாவான் என்பது அன்றைய விதி. வால்மீகியும் கம்பரும் அறியாத இந்த மரணம், 1974-இல் ஒளிபரப்பான ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் உண்டு. 2014 நூலில் ஆசியும் இல்லை, குறுக்குவில்லும் இல்லை. நல்லவர் கையிலுள்ள மந்திர ஆயுதத்தின் குத்து அவனுக்கு இரட்டிப்பாக வலிக்கும் என்றாயிற்று. உயிர்க்கணக்கு 110. 2025-இல் ஆசி மீண்டது. ஆசி பெற்றவர் ஆயுதத்தால் குத்தினால் இரட்டிப்பு வலி. உயிர்க்கணக்கோ 221. குத்துப்பட்டு வளர்ந்த ஒரே இந்தியர் இவராகத்தான் இருப்பார்.

5. இரு கட்சிகள்

பெங்களூரு மேசைகளில் பேட்ச் கட்சி வலிமையானது. வாரம் முழுக்க ஆபீஸில் பக் அடைப்பவர்களுக்கு எர்ராட்டா என்பது இன்னொரு ரிலீஸ். வந்தால் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். எதிரே இருப்பது பிரம்மா கட்சி: கொடுத்த வரம் கொடுத்ததுதான்; கெட்டிக்காரன் அதற்குள்ளேயே சந்து தேடட்டும். இராவணன் வரம் கேட்டபோது மனிதரைப் பொருட்படுத்தாமல் விட்டான். மகிஷன் பெண்ணை விட்டான். தேவர்கள் இருவர் வரத்தையும் திருத்தச் சொல்லி மனுப் போடவில்லை. விட்டுப்போன இடத்தில் ஆளை அனுப்பினார்கள்.

6. முடிவும் பரிந்துரையும்

பூனையின் கண்ணைத் திருத்தலாம்; ஆட்சேபமில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கும் எர்ராட்டாவை அடுத்த கேம்பெயினுக்கு, அதாவது அடுத்த கதைத்தொடருக்கு, ஒத்திவைக்குமாறு டிஎம்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. விதியில் கிடைத்த சந்தில் வீரன் நுழையும்போதுதான் பகடைக்கணக்கு கதையாகிறது. இதை மறுப்போர் மைசூர் ரயிலேறிச் சாமுண்டி மலையில் கத்தியும் பாம்புமாக நிற்கும் மகிஷாசுரன் சிலையை நேரில் விசாரிக்கலாம். பிரம்மா அன்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் தசராவும் இல்லை, யானை ஊர்வலமும் இல்லை, பள்ளி விடுமுறையும் இல்லை. மகிஷன் பெயரால் அமைந்த மைசூர் என்ற பெயரை மட்டும் மாற்றத் தேவையிருந்திருக்காது.