கடைசிப் பந்திக்கும் பரிமாறுங்கள்!

கேள்வி: ஐ.டி. வேலை. மதியம் பரோட்டா, இரவு பிரியாணி. வயிறு எப்போதும் மந்தம். குடலில் நல்ல பாக்டீரியா வளர மாத்திரை வாங்கலாமா?
– ஒரு வாசகர், தரமணி

பதில்: முதலில் தட்டை மாற்றுங்கள், மாத்திரையைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் தனியாகச் சாப்பிடுவதே இல்லை. பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கின்றன. மைதாவின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். பாக்டீரியாக்களுக்கு வந்து சேர்வது நார்ச்சத்துதான். அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். நார் கிடைக்காமல் பட்டினி கிடந்த பாக்டீரியாக்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்தன என்று 2016-இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. பந்தி போடாவிட்டால் சுவரையே பெயர்க்கிறார்கள்!

நல்ல செய்தியும் உண்டு. உணவை மாற்றிய சில நாட்களிலேயே பாக்டீரியாக் கூட்டமும் மாறுவதை 2014-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது.

நாருக்கு எங்கே போவது? உங்கள் தரமணியில்தான் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1988-இல் தொடங்கிய அந்த நிறுவனம், சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் காக்கக் கொல்லிமலை உழவர்களோடு உழைத்தது. அவர்கள் காத்த தானியம் உங்கள் டிபன் பாக்ஸுக்கும் வரட்டும். கூடவே சுண்டல், கீரை, அவரைக்காய். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிடுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் உயிரோடு இருக்கும். நாரை மெல்லக் கூட்டுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். மந்தம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வாரம் ஒரு பிரியாணி விருந்து. வாரம் முழுக்கப் பிரியாணி வினை.