உமரி முளைச்ச காணி

இஞ்ச வா தம்பி, இந்த வேம்புக்குக் கீழ இரு. கனடாக் காசில விடத்தல்தீவுக் கரையில காணி வாங்கிப்போட்டாய் எண்டு ஊரே கதைக்குது. நல்ல விசயம். இந்த மலிவுக்கு ஒருத்தன் காணி தாறான் எண்டா, ஒண்டில் அவனுக்கு உன்னில பாசம் இருக்கவேணும், இல்லாட்டி காணியில பாசி இருக்கவேணும்.

உறுதி காட்டினாய், சேர்வேயர் கீறின படம் காட்டினாய். காணியைக் குனிஞ்சு பாத்தியோ? தண்டு தடிச்சு, நுனி சிவந்து, தரையோட ஒரு பூண்டு கிடக்குதே, அதுதான் உமரி. கிள்ளி வாயில வை, உப்புக் கரிக்கும். கடல்தண்ணி வந்து போற தரையிலதான் அது தலை நிமித்தும். பக்கத்தில நாலஞ்சு நண்டு வளையும் கண்டன். உனக்கு முதலே அவை குடியிருக்கினம். வாடகை கேட்டுப் பார்.

கடல் அசையாமத்தானே கிடக்குது எண்டு சிரிக்கிறாய். எங்கட பாக்குக்கடல் பெரும்பாலும் 15 மீற்றர் ஆழத்துக்குள்ளதான். கோப்பையில தேத்தண்ணியை ஊதிப் பார், சும்மா நெளியும். பீரிசில ஊத்தி ஊதிப் பார், அங்கால விளிம்பால வழிஞ்சு சாரத்தை நனைக்கும். புயல் எங்களை ஊதிறது பீரிசு ஊதிற மாதிரித்தான்.

1964 மார்கழி 22. எனக்கு ஒன்பது வயசு. நத்தாருக்கு மூண்டு நாள் கிடக்க, அம்மா பலகாரத்துக்கு மா வறுத்து வச்சிருந்தவ. வவுனியாப் பக்கத்தால வந்த புயல் எங்களை உலுப்பிப்போட்டு, அங்கால தனுஷ்கோடியை வழிச்செடுத்தது. ரயிலொண்டையும் ஆக்களோட விழுங்கினது. விடிய எங்கட வீட்டில சுவர் நிண்டது, கிடுகு ஒண்டும் இல்லை. மா களியாப் போச்சு. உன்ர கொங்கிறீட் கூரை பறக்காது, அது உண்மை. உள்ள கிடக்கிற பிறிட்ஜ்தான் மிதக்கும்.

2004 சுனாமி முல்லைத்தீவைத் துடைச்சது, எங்களைப் பெரிசாத் தொடேல்லை. காணி வித்தவன் அதைக் கட்டாயம் சொல்லியிருப்பான். 2020 இல புரெவிப் புயல் வந்ததைச் சொன்னவனோ? 2025 கார்த்திகையில டித்வா? அந்தமுறை வெள்ளம் முதுகுப் பக்கத்தால வந்தது. அருவியாறு பெருகி மன்னாரில வயலும் போச்சு, மாடும் போச்சு. முன்னால கடல், பின்னால ஆறும் குளமும், நடுவில நீ மாபிள் பதிக்கிறாய்.

நட்டஈடு தருவினம்தானே எண்டுறாய். டித்வாவுக்குப் பிறகு வீடு கழுவ 25,000 ரூபா எண்டு அரசாங்கம் அறிவிச்சது. உன்ர மாபிள் துடைக்கிற துணிக்குக் காணும்.

முன்னால நிக்கிற கண்டல் கடலை மறைக்குதாம், வெட்டப்போறியாம். வெட்டு ராசா! 2016 இல இஞ்ச 29,180 ஹெக்டேயரை இயற்கை ஒதுக்கிடம் எண்டு அறிவிச்ச அரசாங்கமே, 2024 மே மாதம் இறால் வளர்க்க எண்டு 168 ஹெக்டேயரை வர்த்தமானியில கழட்டிவிட்டது. அவைக்கே அலுத்துப்போச்சு, நீ ஏன் காவல் நிக்கவேணும்? கண்டல் வேர் அலையின்ர காலைப் பிடிச்சு இழுக்கிற சாமான். அதை எடுத்துவிட்டா நீ கடலைப் பாக்கலாம், கடலும் ஒருநாள் உன்னைப் பாக்க வரும்.

ஒண்டு சொல்லுறன், கோவிக்காத. அங்கால பிட்டியில என்ர மச்சானுக்கு ரெண்டு பரப்புக் கிடக்குது. விலை கூடத்தான். கடல் தெரியாது, உமரியும் முளைக்காது. தரகுக் காசு எனக்கு வேண்டாம், ஒரு நல்ல சாரம் எடுத்துத் தந்தாச் சரி.

இல்லை, கரையிலதான் கட்டுவன் எண்டா மேல்மாடிச் சுவரில ஒரு இரும்பு வளையம் வச்சுக் கட்டு. வள்ளம் கட்டத்தான். உன்னை ஏத்த வாறது நான்தான், மண்ணெண்ணெய்க் காசை இப்பவே தந்துவிடு.