சுழி பார்த்தே, லத்தியைப் பார்த்தியா?

வா கண்ணு, உக்காரு. ஆடி மாசம் அந்தியூர்ச் சந்தையில குதிரை வாங்குனவன், ஐப்பசி பொறந்த பொறவுதான் அப்பாரைத் தேடி வர்றே. இத்தனை நாளும் நீ குதிரையை மேய்ச்சியா, குதிரை உன்னை மேய்ச்சுதா?

பூச்சி மருந்து எத்தனை நாளைக்கு ஒருக்காக் குடுக்கறதுன்னு கேக்கறே. நல்ல கேள்விதான். ஆனா கேக்க வேண்டிய ஆளு நானில்ல, உன்ற குதிரை. அது தெனமும் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்குது, வாலுக்குக் கீழே. வாங்கறப்ப நெத்திச் சுழி பாத்தே, கழுத்துச் சுழி பாத்தே, பல்லைப் புடிச்சு வயசு பாத்தே. லத்தியை மட்டும் பாக்கல. கௌரவம் கொறைஞ்சு போயிருமாக்கும்!

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கான்னு எவனோ சொன்னானா? அது அமெரிக்காவுல, கென்டக்கியில 1966-ல போட்ட கணக்கு. எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காதே. பேத்தி நாமக்கல்லுல கால்நடை டாக்டருக்குப் படிக்கறா, லீவுக்கு வந்தா என்ற காதுல ஓதிட்டுத்தான் போவா. அன்னைக்கி இருந்த எதிரி, ரத்தக்குழாய்க்குள்ள பூந்து குதிரையைச் சாய்க்கிற பெரும்புழு. அதுக்கு அந்தக் கணக்குச் சரி. மருந்து குடுத்துக் குடுத்து அங்கெல்லாம் அது ஒடுங்கிப் போச்சு. இப்ப எதிரி சின்னப் புழு. குடல் சுவத்துக்குள்ள கூடு கட்டிக்கிட்டு வருசக்கணக்கா ஒளிஞ்சிருக்கும்.

அதுக்கும் அடிக்கடி மருந்து குடுத்தா என்ன ஆகும்? ஏமாளிப் புழு சாகும், கில்லாடிப் புழு பொழைக்கும். பொறவு பொறக்கறது பூராக் கில்லாடிக்குப் பொறந்ததுதான். கடைசியில காசு உன்னுது, மருந்து கடைக்காரனுது, வயிறு மட்டும் புழுவுது.

இன்னொண்ணு கேட்டுக்கோ. பத்துக் குதிரை கட்டியிருந்தா, ரெண்டே ரெண்டுதான் முட்டையில பெரும்பங்கைக் கொட்டும். நம்ம ஊர்ல வம்பு பேசறவங்க கணக்கும் அதுதான். ரெண்டு பேரு வாய்க்கு ஊரையே கட்டிப்போட முடியுமா? அந்த ரெண்டு குதிரை எதுன்னு கண்டுபுடி.

எப்படியா? சூடு ஆறாத லத்தியில நாலு உருண்டை எடு. மூக்கைப் புடிக்காதே, புல்லுத் தின்கிற பிராணிதான். பையில போட்டு, காத்தை வெளியேத்திக் கட்டி, வெயில் படாம அன்னைக்கே டாக்டர்கிட்டக் கொண்டுபோ. கட்டம் போட்ட கண்ணாடியில ஊத்தி எண்ணுவாங்க. ஒரு கிராமுக்கு 200 முட்டைக்குள்ள இருந்தா, வளந்த குதிரைக்கு வருசத்துக்கு ஒண்ணு, ரெண்டு தடவை போதும். 500 தாண்டினா மூணு, நாலு ஆகும். முட்டை கம்மின்னா புழுவே இல்லைன்னு குதிக்காதே. ஒளிஞ்சிருக்கிற புழு முட்டை போடாது. குட்டிக்கு இந்தக் கணக்கே ஆகாது. ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சு மொத வருசம் நாலு தடவையாவது வேணும்.

உன்ற குதிரை என்ன எடை? 200 கிலோவா? யாரு தூக்கிப் பாத்தா? அந்த டேப்பை எடு. முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி 150 சென்டிமீட்டர். தோள்முனையில இருந்து பின்பக்க முனை வரைக்கும் 140. 150-ஐ 150-ஆல பெருக்கு, அதை 140-ஆல பெருக்கு, 11,877-ஆல வகு. என்ன வந்துச்சு? 265. அப்ப 65 கிலோக் குதிரைக்கு மருந்தே இல்ல! அரைகுறையா அடிபட்ட புழுதான் கில்லாடியா எந்திரிக்கும். மருந்து குடுத்து 14 நாள் கழிச்சு மறுபடியும் எண்ணச் சொல்லு. முட்டை இறங்கலைன்னா மருந்து தோத்துப்போச்சுன்னு அர்த்தம்.

பருவமும் பாக்கோணும். சித்திரை வெயில்ல லத்தி காஞ்சா, அதுல பொரிச்ச குஞ்சும் காஞ்சு சாகும். இப்ப மழையில புல்லு மேலே ஏறி, குதிரை வாய்க்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கும். லத்தி போட்ட பக்கம் குதிரை மேயாது, அதுக்கு அம்புட்டு அறிவு இருக்குது. ஆனா நீ விட்டிருக்கிற கொரங்காடு பாய் விரிக்கிற அகலம், பாவம் அது எங்க ஒதுங்கும்?

அதனால மருந்தைக் காட்டிலும் பெரிய மருந்து ஒண்ணு சொல்றேன். வாரத்துக்கு ரெண்டு தடவை காட்டுல கெடக்கிற லத்தியைப் பூரா அள்ளு. பச்சையா மறுபடி காட்டுலயே எறைச்சறாதே, அது புழு வெதைக்கிற சோலி. ஓரமாக் குமிச்சு மக்க வைக்கோணும்.

குமிக்க எடமில்லையா? அதுக்கெதுக்குக் கண்ணு கவலைப்படறே? செவுத்தோரம் கூடையும் மம்பட்டியும் எடுத்து வெச்சிருக்கறேன். என்ற தென்னைக்குக் குழியும் தோண்டியாச்சு.