கேலக்ஸிக்கு எக்ஸ்-ரே

இந்த வாரத் தபாலில் பாதி சேர்வராயன் மலையிலிருந்து. மழை பிடித்துக்கொண்டு வெளியே போக முடியாமல் எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எல்லாம் வானத்தைப் பற்றிய கேள்விகள்.

ஏற்காடு லேடீஸ் சீட் டெலஸ்கோப்பில் மேட்டூர் அணை தெரிகிறது. காசு கூடக் கொடுத்தால் கேலக்ஸி காட்டுவார்களா?
– டாக்சி ஓட்டுநர், ஒண்டிக்கடை

மேட்டூருக்குத்தான் காசு, கேலக்ஸி இலவசம். மழை விட்ட டிசம்பர் கடைசியில், நிலா இல்லாத முன்னிரவில், கடை விளக்குகளைத் தாண்டிப் போய் வடமேற்கே அண்ணாந்து பாருங்கள். ஆண்ட்ரோமெடா மங்கலான தீற்றலாக வெறுங்கண்ணுக்கே தெரியும். தூரம் 25 லட்சம் ஒளியாண்டு. மீட்டர் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஐயாயிரம் அடி. எக்ஸ்-ரே டெலஸ்கோப்பை இங்கேயே வைத்தால் ராக்கெட் செலவு மிச்சம்தானே?
– விடுதி மேலாளர், ஏற்காடு

மலை ஏறியதில் நீங்கள் கீழே விட்டுவந்த காற்று ஆறில் ஒரு பங்குதான். மீதி ஐந்து பங்கு இன்னமும் உங்கள் தலைக்கு மேல். விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிரைக் காற்று வழியிலேயே விழுங்கிவிடும். எவரெஸ்ட் உச்சியில் வைத்தாலும் பயனில்லை. (அப்படி விழுங்குவதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம், ஆகவே புகார் வேண்டாம்.) கண்ணுக்குத் தெரியும் ஒளி என்றால் பக்கத்து ஜவ்வாது மலை போதும், காவலூரில் 2.3 மீட்டர் டெலஸ்கோப் 1986 முதல் இருக்கிறது. எக்ஸ் கதிருக்கு மேலே போயே ஆக வேண்டும். 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்க ஒரு சின்ன ராக்கெட் விட்டார்கள். நிலவைக் காணோம், விருச்சிக ராசிப் பக்கம் ஏதோ ஒன்று பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. 2002-ல் ஜியாக்கோனிக்கு நோபல்.

எக்ஸ்-ரே என்றால் சேலம் ஜி.எச்.சில் எலும்பைப் படம் எடுப்பது. கேலக்ஸிக்கு எந்த எலும்பு முறிந்தது?
– ஏழாம் வகுப்பு மாணவி, செம்மடுவு

சபாஷ். ஆஸ்பத்திரியில் இயந்திரம் கதிரை அனுப்புகிறது, நீ நடுவில் நிற்கிறாய். வானத்தில் கதிரை அனுப்புவதே நோயாளிதான். டெலஸ்கோப் சும்மா வாங்கிக்கொள்கிறது.

ஏன் அனுப்புகிறது என்பதில்தான் கேலக்ஸி பிறக்கும் கதையே இருக்கிறது. முதலில் கரும்பொருள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் எடை மட்டும் உள்ள சரக்கு, தன் ஈர்ப்பால் ஓரிடத்தில் குவிகிறது. சுற்றியுள்ள வாயு அதை நோக்கி விழுகிறது. விழுந்த வேகத்தில் மோதி, பெரிய குவியலாக இருந்தால், பல லட்சம், சில இடங்களில் பல கோடி டிகிரிக்குச் சூடாகிறது. அந்தச் சூட்டில் வாயு வெளியிடுவதே எக்ஸ் கதிர். சூடாக இருக்கும்வரை அதிலிருந்து நட்சத்திரம் பிறக்காது. சமவெளியிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று உங்கள் ஊரில் குளிர்ந்த பிறகுதானே பனிமூட்டமாகத் திரள்கிறது? அப்படி வாயுவும் ஆறினால்தான் திரண்டு நட்சத்திரமாகும். சாதாரண டெலஸ்கோப் பிறந்துவிட்ட நட்சத்திரங்களைக் காட்டும். இன்னும் ஆறாமல் காத்திருக்கும் கூட்டத்தைக் காட்டுவது எக்ஸ் கதிர் டெலஸ்கோப்.

அந்தக் கூட்டம் சின்னதும் இல்லை. நம் பால்வீதியைச் சுற்றியே இப்படி ஒரு சூடான வாயு உறை இருக்கிறது. அதன் எடை பால்வீதியின் எல்லா நட்சத்திரங்களின் எடைக்கும் ஈடாகலாம் என்று 2012-ல் அஞ்சலி குப்தா, ஸ்மிதா மாத்தூர் குழு சொன்னது. சந்திரா டெலஸ்கோப் கொடுத்த தரவு.

சந்திராவா? நிலவைப் பார்க்கவா?
– அதே மாணவி (உறையின் பின்பக்கத்தில்)

நம் சந்திரசேகர். லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போன கப்பலில் உட்கார்ந்து, ஓர் எல்லைக்கு மேல் (சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று பின்னர் உறுதியானது) கனத்தால் வெள்ளைக் குறுமீன், அதாவது எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம், தாங்காது என்று கணக்குப் போட்டார். 1935-ல் வானியலாளர் எடிங்டன் அதைச் சபையிலேயே கேலி செய்தார். நோபல் வர 1983 ஆயிற்று. 1999 ஜூலையில் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் போன டெலஸ்கோப்புக்கு அவர் பெயர். ஐந்து வருட வேலைக்கு என்று அனுப்பியது, கால் நூற்றாண்டு கடந்தும் உழைத்தது. நிலவைப் பற்றிய சந்தேகமும் முழுத் தப்பில்லை. அதன் பாதை நிலவு தூரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை போகிறது.

எங்கள் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூரில் அலுமினியமானது. அலுமினியம் விண்வெளிக்கும் போகுமா?
– ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, நாகலூர்

போகும் ஐயா, தங்கம் போட்டுக்கொண்டு. 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் செய்த எக்ஸ் கதிர் டெலஸ்கோப்பின் கண்ணாடிகள் தங்கம் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகள். எக்ஸ் கதிர் நேராக அடித்தால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். ஓரமாக உரசிக்கொண்டு போனால்தான் திரும்பும். ஆகவே அந்தக் கண்ணாடி தட்டு மாதிரி இருக்காது. குழாய்க்குள் குழாயாக அடுக்கியிருப்பார்கள்.

விண்வெளியில் சத்தமே இல்லை என்கிறார்கள். அப்புறம் ஏதோ ஒரு கருந்துளை பாடுகிறதாமே, என்ன சுருதி?
– சங்கீத ஆசிரியை, ஏற்காடு

ஆறரைக் கட்டை, அம்மா. ஆனால் நடு ஸ்தாயியிலிருந்து 57 ஸ்தாயி கீழே. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கோடி வருடம். தாளம் போட உட்கார்ந்துவிட வேண்டாம்.

பெர்சியஸ் என்ற கேலக்ஸிக் கூட்டம், 25 கோடி ஒளியாண்டு தள்ளி. வெற்றிடமில்லை, வாயு நிறைந்த இடம், அதனால் ஒலி போகிறது. அதன் நடுக் கருந்துளை கக்கும் வேகத்தில் வாயுவில் அலைகள் எழுவதை 2003-ல் கேம்பிரிட்ஜ் ஆண்ட்ரூ ஃபேபியன் குழு சந்திரா படத்தில் கண்டது. எனக்கு இதில் சுருதியைவிட அதன் விளைவுதான் பிடித்திருக்கிறது: அந்த அலைகள் வாயுவை ஆறவிடாமல் வைத்திருக்கின்றன, ஆகவே நட்சத்திரம் பிறப்பது தடைபடுகிறது. கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் பூதம் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். பெரிய கேலக்ஸிகளில் அது செய்யும் பெரிய வேலை, அடுப்பை அணையவிடாமல் பார்ப்பது.

கேலக்ஸி முதலா, கருந்துளை முதலா?
– காப்பித் தோட்ட மேஸ்திரி, வாழவந்தி

நட்சத்திரம் செத்துத்தான் கருந்துளை, ஆகவே கேலக்ஸிதான் முதல் என்பது பழைய பாடம். பெரிய வாயு மேகமே நேரடியாகச் சரிந்து கருந்துளை ஆகலாம் என்ற கட்சியில் முக்கியமானவர் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன், யேல் பல்கலைக்கழகம். அப்படிப் பிறந்தால் கருந்துளையின் எடை தன் கேலக்ஸியின் நட்சத்திரங்கள் மொத்தத்துக்கும் ஈடாக இருக்கும் என்று 2017-ல் சக ஆய்வாளர்களோடு கணித்தார். (நம் அக்கம்பக்கத்து கேலக்ஸிகளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.) 2023-ல் சந்திராவும் ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்பும் சேர்ந்து யு.எச்.இசட்.1 என்ற கேலக்ஸியைப் பிடித்தன. பிரபஞ்சத்துக்கு 47 கோடி வயதிருந்தபோதைய காட்சி. அதன் கருந்துளையின் எடை கிட்டத்தட்ட பிரியம்வதா சொன்ன கணக்கு. ஒரே ஒரு சாட்சி, தீர்ப்பு எழுத அது போதாது. ஆனால் சாட்சி நம் பக்கத்து ஊர்க்காரருக்குச் சாதகமாகப் பேசுகிறது.

இதனால் காப்பி விலை ஏறுமா?
– அதே மேஸ்திரி

ஏறாது. ஆனால் சந்திரா எடுக்கும் தரவுகள் வழக்கமாகக் கொஞ்ச காலம் கழித்து யாருக்கும் இலவசம். ஆஸ்ட்ரோசாட் தரவுக்கும் இஸ்ரோ கிடங்கு திறந்திருக்கிறது. வாழவந்தியில் சிக்னல் கிடைத்தால் இறக்கிப் பாருங்கள்.