எழும்பூரில் இறங்கியவர்களின் மெட்ராஸ்

மெட்ராஸைச் சுற்றிப் பார்க்க இரண்டு நாள் போதும் என்று எழுபதுகளில் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் எல்லோரும் நம்பினார்கள். நம்பியதற்குக் காரணம் இருந்தது. தெற்கே இருந்து வரும் மீட்டர் கேஜ் ரயில்கள் எழும்பூரில் கொண்டுவந்து விடும். நடக்கிற தூரத்தில் பாந்தியன் சாலை மியூசியம். அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் போனால் மூர் மார்க்கெட். அதை ஒட்டியே மிருகக்காட்சி சாலை. மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று மெட்ராஸ் ஜனங்கள் பேர் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை இரண்டு காலேஜும் மார்க்கெட்டும் முடியும். ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ரோடு, மெரினா, ராத்திரி ரயில்.

1978 கோடையில் அப்பா எங்களை அழைத்துப் போனார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதியவருக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பதே அபூர்வம். எழும்பூர் கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜ்கள் இருந்தன. அவை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சைதாப்பேட்டையில் சித்தப்பா வீடு இருந்தது. ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. அம்மா தூக்குவாளி நிறையப் புளியோதரையும் கடலைமிட்டாய்ப் பொட்டலங்களும் கொண்டுவந்திருந்தாள். "வாங்க அத்தான், வாங்கக்கா" என்று சித்தி முகம் மலர வரவேற்றாள். மறுநாள் விடியுமுன் எங்கள் எல்லோருக்கும் குளிக்கத் தண்ணீர் வேண்டுமென்று தெருமுனை அடிபம்பில் குடங்களை வரிசையில் வைத்துக் காத்து நின்றவளும் அவள்தான். அந்தக் காலத்துச் சிற்றூர்க் குடும்பங்கள் மாநகரத்தைப் பார்த்தது இப்படி யாரோ ஒரு சித்தியின், அத்தையின் உழைப்பில்தான். ஊர் சுற்றிப் பார்த்த கதைகளில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். இன்று போனிலேயே அறை பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். உறவு விட்டுப்போகிறதே என்று அதற்காக நான் வருந்த மாட்டேன். சித்திகளுக்கு அது விடுதலை.

மியூசியம் 1851இல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1855இல் அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கியவர் அவரே. சில ஆண்டுகள் கழித்து அவற்றைச் சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். ஆக, செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சிறுவனான எனக்குத் திமிங்கல எலும்புக்கூடு ஒன்றே போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வெண்கலச் சிலைக் கூடத்துக்கு வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டாள். திருவாலங்காட்டு நடராஜர் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருவெண்காட்டு அர்த்தநாரியிடம்தான் வெகுநேரம் நின்றாள். வலப்பக்கம் போய்ப் பார்த்தாள், இடப்பக்கம் வந்து பார்த்தாள். "இந்தப் பக்கம் ஆம்பளை நிப்பு, அந்தப் பக்கம் பொம்பளை நிப்பு. எப்படித்தான் வார்த்தானோ!" என்று அப்பாவிடம் சொன்னாள். சோழர் காலச் செப்புத்திருமேனிகளைப் பற்றி எத்தனையோ நூல்கள் பிற்பாடு படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மா அன்று பார்த்ததைத்தான் அவையும் சொல்கின்றன. ஊர்க் கோயிலில் பட்டும் பூவும் மூடியிருக்கிற உருவத்தை முழுதாக, நிதானமாக, யாரும் விரட்டாமல் பார்க்கும் வாய்ப்பை அந்தக் கூடம் அவளுக்குத் தந்தது. ஒரு மாநகரம் எளியவர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அது.

உயிர் காலேஜில் கூண்டுகள் சின்னவை. சிங்கம் நாலு எட்டு வைத்துத் திரும்பும், மறுபடி நாலு எட்டு. மூர் மார்க்கெட்டில் அப்பா எனக்கு ஒரு பழைய அட்லஸ் வாங்கித் தந்தார். விலை படியாமல் மூன்று கடை நகர்ந்து, திரும்பி வந்து, பேசி வாங்கினார்.

இரண்டும் ஒரே ஆண்டில் போயின. 1900இல் திறந்த மூர் மார்க்கெட், 1985 மே 30 அன்று எரிந்தது. ஜூலையில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. 600 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டில் விலங்குகள் உலவுகின்றன. அந்தக் கூண்டைப் பார்த்தவர் யாரும் இந்த மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். மார்க்கெட்டின் கதை வேறு. அதன் இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் எழுந்து பெயரை மட்டும் வாங்கிக்கொண்டது. புத்தகக் கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சிவப்புச் செங்கல் வளைவுகளின் கீழ் நாள் முழுக்கப் புரட்டிக்கொண்டு நிற்கும் அந்த வாழ்க்கை பழையபடி கூடவில்லை.

சமீபத்தில் அண்ணன் மகனும் அவன் பெண்ணும் ஊரிலிருந்து வந்தார்கள். தெற்கத்தி அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த நிலையம் அது. வண்டலூர் பூங்கா பக்கத்தில், எழும்பூர் சுமார் 30 கிலோமீட்டர். அன்று ரயிலை விட்டு இறங்கியவன் நகரத்தின் நடுவில் நின்றான். இன்று பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் நகரத்துக்கு இனிமேல்தான் புறப்பட வேண்டும். பை, குழந்தை, தண்ணீர்ப் பாட்டிலோடு வரும் குடும்பம் பூங்காவைப் பார்த்துவிட்டு, ஒரு மாலுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறது. மாலில் குளிர்ச்சி உண்டு, உட்கார இடம் உண்டு, சுத்தமான கழிப்பறை உண்டு. இவை பொது இடங்களிலும் கிடைக்கும்வரை அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நகரத்துக்குள் வந்துவிட்டால் சுற்றுவது முன்னைவிடச் சுலபம். 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ எழும்பூரையும் சென்ட்ரலையும் இணைக்கிறது. நாங்கள் சாலையோரம் நின்று மாடி எண்ணிய 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தின் பெயரில் ஒரு நிலையமே இருக்கிறது. வெகுகாலம் மூடிக்கிடந்த மெரினா கலங்கரை விளக்கத்திலும் 2013 முதல் மறுபடி ஏற விடுகிறார்கள்.

மியூசியம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பேத்தியை அங்கே அழைத்துப் போனேன். திமிங்கலத்தை விட்டு நகர மாட்டேன் என்றாள். வெண்கலக் கூடத்தில் அவளுடைய கொள்ளுப்பாட்டி சொன்னதைச் சொன்னேன். "எந்தப் பக்கம் ஆம்பளை, சின்னத் தாத்தா?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லுமுன் அவளே சுற்றிப் போய்க் கண்டுபிடித்தாள்.

சனி, ஞாயிறுகளில் கிளாம்பாக்கத்திலிருந்து மியூசியம், மெரினா வழியாகச் சாதாரணக் கட்டணத்தில் சுற்றிக் காட்டும் பேருந்துகள் வேண்டும். அதை அரசிடம் கேட்பது நம் உரிமை. பிள்ளைகளோடு சென்னைக்கு வருகிறவர்கள், அலைச்சலைப் பார்க்காமல் பாந்தியன் சாலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனியும் ஞாயிறும் திறந்திருக்கும்.