இரண்டு 540

எங்கள் ஊரில் 540 என்று சொன்னால் ஒரு காலத்தில் ஒரே பொருள்தான்: மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். பியூஜோ டீசல் எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை. கதவு என்று ஒன்று அதற்கு இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. எங்கள் வடகவுஞ்சி மலைத் தோட்டங்களிலிருந்து மலைவாழைத் தாரையும் காப்பி மூட்டையையும் பலாப்பழத்தையும், அவற்றின் மேல் பத்துப் பதினைந்து ஆட்களையும் பழனிச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். அந்த மலைவாழையில் செய்யும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பழத்தைச் சேற்றில் இழுத்து வந்த ஜீப்புக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

இப்போது என் வீட்டில் இருக்கும் 540 உள்ளங்கையில் அடங்கும். அது ஒரு பொம்மை வண்டியின் மோட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். ஜப்பான் டாமியா கம்பெனியின் சிசி-01 கிட். மேலே ஜீப் ராங்ளர் உடம்பு. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. 1976இல் போர்ஷே 934 காரில் ஆரம்பித்து, ரேடியோவில் ஓடும் வண்டிகளை உதிரி உதிரியாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பூட்ட வேண்டியது நாம். எங்கள் காலத்தில் வண்டியை உதிரியாகக் கொடுத்தால் அதைப் பழைய இரும்பு என்போம், விலையும் எடை போட்டுத்தான்.

சிறுவர்களான எங்களுக்கு ஜீப்பில் இடம் கிடைக்காது. எங்கள் வாகனம் பேரிங் வண்டி. ஒரு சில்வர் ஓக் பலகை, பின்னால் இரண்டு பேரிங், முன்னால் ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் கழித்துப்போட்ட 6204 பேரிங் கிடைத்துவிட்டால் அன்றைக்குத் திருவிழா: உள்ளே 20 மில்லிமீட்டர், வெளியே 47. அதற்குத் தக்கபடி அச்சுக் கம்பைச் செதுக்கி, ஆட்டம் இருந்தால் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றி, அடித்து இறுக்குவோம். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் பழைய கிரீஸ் கரையும். புதுக் கிரீஸ், ஊர் ஜீப்புகளைப் பார்த்துக்கொண்ட ஜீப் மாமா டீ குடிக்கப் போகும் நேரத்தில், அவருடைய டப்பாவிலிருந்து. தார்ச்சாலையில் வண்டி இறங்கினால் சத்தம் இரண்டு வளைவு தாண்டிக் கேட்கும். பிரேக் என்பது ஹவாய்ச் செருப்பின் குதிகால். அந்த வருடங்களில் எனக்கு வாங்கித் தந்த செருப்பெல்லாம் குதிகாலில் மட்டும் தேய்ந்தன. பையன் நடையில் ஏதோ கோளாறு என்று அப்பா வைத்தியரிடம்கூடக் கேட்டிருக்கிறார்.

இந்தப் பூர்வீகப் பெருமையோடுதான் கிட்டைத் திறந்தேன். சக்கரம் சுழலும் இடங்களில் பேரிங்கைக் காணோம். பிளாஸ்டிக் புஷ் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வயதில் ஓசியில் வாங்கியதை ஐம்பதில் காசு கொடுத்துத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று: உள்ளே 5 மில்லிமீட்டர், வெளியே 11. விரல் நுனியில் நிற்கும் சைஸ்.

அந்தக் காசுக்காக மட்டும் இன்றுவரை வருத்தமில்லை. எங்கள் ஊர்ச் செம்மண் நைசானது, ஈரத்தில் எந்த இடுக்கிலும் புகும். பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள் அது போனால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். துளை முட்டை வடிவாகும், சக்கரம் ஆடும், மோட்டார் கூடுதலாக மின்சாரம் இழுத்துச் சூடாகும். பேரிங் வாங்கும்போது பக்கவாட்டில் ரப்பர் சீல் வைத்ததைக் கேட்டு வாங்க வேண்டும். தகரமூடி போட்டது காய்ந்த ஊர்க்காரர்களுக்குச் சரி.

அடுத்தது, மோட்டார் முனையில் உட்காரும் பினியன். பல கிட்களில் வருவது அலுமினியம். தேயத் தேயக் கறுப்பு மை விட்டுக்கொண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் தின்னும். எஃகுப் பினியன் ஒன்று வாங்கிப் போட்டால் அந்த வம்பு முடிந்தது. அதை இறுக்கும் குட்டி ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு லாக்டைட். இரும்பில் இரும்பு ஏறும் இடத்துக்கு மட்டும்தான் அந்த மருந்து. பிளாஸ்டிக்கில் ஊற்றினால் விரிசல் விடும். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர். ஜப்பான்காரனின் பிளஸ் தலை நம் ஊர்ப் பிளஸ் தலை மாதிரியே சிரிக்கும், ஆனால் வடிவம் வேறு. வீட்டு டிரைவரால் நான் மழுக்கிய தலைகள் ஏழு. ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பான் தர டிரைவர் ஒன்று வாங்கிய பிறகே பூட்டிய ஸ்க்ரூ கழன்றது. சிக்னல் வாங்கும் ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டினேன். மழைக்கு இது போதும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி.

அலுமினியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் கிட்டில் பிளாஸ்டிக். அதற்குப் பதில் நீலச் சாயம் ஏற்றிய அலுமினிய ஆர்ம் தனியாக விற்கிறது. மயில் கழுத்து நிறம். பார்த்தவுடன் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவின் தலையில் சர்வோ சேவர் என்று ஒரு வளைந்துகொடுக்கும் துண்டு இருக்கிறது. சக்கரம் கல்லில் மோதினால் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு சர்வோவின் பற்களைக் காப்பது அதன் வேலை. அது லொடலொடக்கிறதே என்று அதையும் கழற்றிவிட்டு விறைப்பான அலுமினியக் கொம்பு ஒன்றைப் பூட்டினேன். வண்டி ஜொலித்தது. ஊரில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, கோயிலுக்கு நேர்ந்துகொண்டதா என்று கேட்டார்கள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. எண்பதுகளின் கடைசியில் ஒரு தோட்ட முதலாளி, பாரம் கூட ஏற்றலாம் என்று தன் ஜீப்புக்குக் குத்தைத் தாங்கும் கமான் பட்டை இரண்டு கூடுதலாகப் போடச் சொன்னார். ஜீப் மாமா வேண்டாம் என்று தலையால் தண்ணீர் குடித்தார்.

"மொதலாளி, பட்டை உடைஞ்சா பழனியில பட்டை கெடைக்கும். சேசிஸ் உடைஞ்சா எங்கிட்டுப் போயி வாங்குவீக?"

முதலாளி கேட்கவில்லை. மூன்று வாரம் ஜீப் ராஜநடை போட்டது. பள்ளத்தில் விழுந்தாலும் பட்டை அசையவில்லை. அசையாத பட்டை அத்தனை குத்தையும் சேசிஸுக்கு அனுப்பிவைத்தது. நாலாவது வாரம் பட்டை தொங்கும் கொளுக்கிக்குப் பக்கத்தில் சேசிஸ் வெடித்தது. பழனியில் வெல்டிங் வைத்துப் பதினோரு நாள் ஜீப் படுத்துக் கிடந்தது. தார்கள் தோட்டத்திலேயே பழுத்தன. அந்தப் பதினோரு நாளும் நாங்கள் தின்ற மலைவாழைப்பழம் அளவுக்கு எந்த அபிஷேகத்திலும் சாமி தின்றிருக்காது. அப்போது மாமா சொன்னதை நாங்கள் நடித்துக்காட்டிச் சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எதற்காகச் சொன்னார் என்பதுதான் ஞாபகத்தில் தங்கவில்லை போலிருக்கிறது.

போன ஐப்பசி. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். காப்பிக் களத்தில் வண்டியை முழு வேகத்தில் விட்டேன். களம் முடிகிற இடத்தில் கல்கட்டு. முன்சக்கரம் நேராகப் போய் முட்டியது. ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தேன். நீல ஆர்மில் ஒரு கீறல்கூட இல்லை. அது பூட்டியிருந்த இடத்தில்தான் சேசிஸ் பிய்ந்து வந்திருந்தது. சர்வோவுக்குள் இரண்டு பல் காலி.

பிளாஸ்டிக் ஆர்ம் இருந்திருந்தால் வளைந்து மீண்டிருக்கும், மிஞ்சினால் உடைந்திருக்கும். அதன் விலை ஒரு வாழைத்தாருக்குள் அடங்கும், மாற்ற அரைமணி நேரம். இந்த வண்டிக்குச் சேசிஸ் ஒரே வார்ப்பில் வந்த தொட்டி. அதை மாற்றுவது என்றால் மோட்டார், கியர், சர்வோ, வயர் எல்லாவற்றையும் கழற்றி, கிட்டை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் பூட்ட வேண்டும். புதுச் சேசிஸ் கடல் தாண்டி, சுங்கம் கட்டி, பஸ்ஸேறி வடகவுஞ்சி வர ஒன்றரை மாதம்.

ஜீப் மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. திண்ணையில் என் வண்டி குடல் சரிந்து கிடந்ததைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிய்ந்த இடத்தை விரலால் தடவினார். நீல ஆர்மைத் தட்டிப் பார்த்தார்.

"எத்தனை பட்டைடா மாப்ளே கூடப் போட்ட?"

புதுச் சேசிஸில் பழைய பிளாஸ்டிக் ஆர்மே திரும்ப ஏறிவிட்டது, சர்வோ சேவரும்தான். சர்வோவை மட்டும் இரும்புப் பல் வைத்ததாக மாற்றினேன், அது நியாயமான செலவு. நீல அலுமினிய ஆர்ம்கள் ஒரு ஜோடி, கொம்பு ஒன்று, கீறல் இல்லாமல் என்னிடம் இருக்கின்றன. பாதி விலைக்குத் தருகிறேன், எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சீப்பு மலைவாழை இலவசம்.